காம்பரைச் சுட்டது நான்

பலெர்மோ நகரத்திலை சீசாப் பக்கத்து எங்கடை சனத்திட்டை அகஸ்ரீனா எண்டு கேட்டால், எந்த அகஸ்ரீனா எண்டு திருப்பிக் கேப்பினம். காம்பர் சுட்ட அகஸ்ரீனா எண்டால் உடனை விளங்கும். கலியாண வீட்டிலை, பூசை முடிஞ்சு கோயில் வாசலிலை, பஸ் தரிப்பிலை, எல்லா இடமும் அந்தப் பேர்தான். பவுல் எண்ட பொடியன் அவ அடுப்புப் பத்தவைக்கிற மாதிரி நடிச்சுக் காட்டுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிச்சிருக்கிறன். ஒருக்கா இல்லை, கனதரம்.

அந்தப் பேர் பிழை. காம்பரைச் சுட்டது நான். திருத்தினது அவ. இந்த ரெண்டு வரியை எழுத எனக்கு மூண்டு வருசம் எடுத்திருக்கு. ஊரிலை ஒரு இரவிலை நாலு துண்டுப்பிரசுரம் எழுதினவன் நான்.

அகஸ்ரீனா பேசாலை எண்ட கரையோர ஊர்ப் பொம்பிளை. மனுசன் கடற்தொழில். தொண்ணூறிலை சண்டை திரும்பத் துவங்கேக்கை கடலுக்குப் போனவர் வரேல்லை, படகும் வரேல்லை. மூண்டு வயதுப் பிள்ளை ஜூலியை மடு முகாமிலை தமக்கையோடை விட்டிட்டு அடுத்த வருசம் இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து சேந்தவ. வந்த மூண்டாம் மாசமே ஒரு தொத்தோர் வீட்டிலை வேலை. தொத்தோர் எண்டால் வைத்தியர் எண்டு நினைக்காதேங்கோ. இஞ்சை படிச்ச ஆக்கள் எல்லாரும் தொத்தோர்தான். இவர் ஏதோ அரசாங்கக் கந்தோரிலை இருந்து இளைப்பாறினவர். அவரும் மனுசி சிஞ்ஞோராவும் மட்டும். வீடு கூட்டி, துடைச்சு, உடுப்பு மினுக்கி, சிஞ்ஞோராவின்ரை காலுக்கு எண்ணெய் பூசி, அஞ்சு வருசம். கடுதாசி இல்லை, கொன்றாத்தோ எண்ட வேலை ஒப்பந்தமும் இல்லை.

அவவிட்டை ஒரு குணம். தெரியாட்டில் கேப்பா. ஆரிட்டையும் கேப்பா. அவவின்ரை இத்தாலியன் என்னுடையதை விட மோசம். ஆனால் பஸ்சிலை சாரதியிட்டை, மீன்காரனிட்டை, பொலிஸ்காரனிட்டைக்கூட நேரை போய் நிண்டு கேப்பா. அவை சிரிச்சால் தானும் சிரிப்பா. எனக்கு அது பிடிக்காது. எங்கடை ஆக்கள் போய் வெள்ளைக்காரனுக்கு முன்னாலை பல்லுக் காட்டி நிக்கிறது எனக்குக் கூசும். வேலைக்காரர் ஒற்றுமையா நிண்டு உரிமையாக் கேக்கவேணும், ஒவ்வொருத்தரா இரந்து கேக்கக்கூடாது எண்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களிலை நான் கத்திறனான். ஓம், இஞ்சையும் கூட்டம் வைச்சனான். ஊரிலை தோட்டத் தொழிலாளரையும் கமக்காரரையும் சேத்துச் சங்கம் நடத்தினவனுக்குக் கை சும்மா இருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் வருவினம். அகஸ்ரீனா பூசை முடிஞ்சு மீன் றோல்ஸ் கொண்டு வருவா. ஒருநாள் நான் முக்கால் மணித்தியாலம் கதைச்சு முடிய அவ கேட்டது இதுதான்.

"அண்ணை, நல்லாத்தான் கதைக்கிறியள். எங்கை கையெழுத்து வைக்கிறதெண்டு சொல்லுங்கோவன்."

எல்லாரும் சிரிச்சவை. நான் சிரிக்கேல்லை.

தொண்ணூத்தாறாம் ஆண்டு துவக்கத்திலை கையெழுத்து வைக்கிற இடம் ஒண்டு உண்மையா வந்தது. வேலை குடுக்கிறவர் இவர் என்னட்டை வேலை செய்யிறார் எண்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்தால், கடுதாசி இல்லாத ஆக்களுக்கு அரசாங்கம் பெர்மெஸ்ஸோ, அதாவது நாட்டிலை இருக்க அனுமதி, குடுக்குமெண்டு சட்டம். பங்குனி முடியிறதுக்குள்ளை, எண்டால் மார்ச் முப்பத்தொண்டுக்குள்ளை, விண்ணப்பப் பத்திரம் குடுக்க வேணும். பெர்மெஸ்ஸோ கிடைச்சால் பிள்ளையைக் கூப்பிடலாம். ஜூலிக்கு அப்ப எட்டு வயது. தாயைப் போட்டோவிலைதான் தெரியும்.

தொத்தோர் மாட்டன் எண்டு சொல்லேல்லை. பாப்பம் எண்டார். பேந்து, சூசையப்பர் திருநாள் முடியட்டும் எண்டார். அந்தத் திருநாள் முடிஞ்சு வாற சனி ஞாயிறு அவை தங்கடை காம்பரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போறது வழக்கம். காம்பர் எண்டது உள்ளுக்கை கட்டில், குசினி, தண்ணித் தாங்கி எல்லாம் வைச்ச வான். ஸ்ஃபெர்ராகவால்லோவிலை, கடலுக்குக் கிட்ட, ஒரு வளவிலை வாடகை குடுத்து நிப்பாட்டி வைச்சிருந்தவை. வருசா வருசம் மாசி முடிய அகஸ்ரீனாதான் போய்க் கழுவித் துடைக்கிறவ.

அந்த வருசம் கழுவேக்கை கோப்பை கழுவுற தொட்டிக்குக் கீழை ஈரம். ஊத்தைத் தண்ணி கீழைத் தாங்கிக்குப் போற பிளாஸ்ரிக் பைப்பிலை, முழங்கை மாதிரி வளையிற மூட்டிலை வெடிப்பு. சொட்டுச் சொட்டா வந்து அலுமாரித் தட்டு ஊறிப்போச்சுது. தொத்தோர் மெக்கானிக்கிட்டைக் கொண்டுபோக அலுப்புப்பட்டார். இவ கையெழுத்தை நினைச்சுக்கொண்டு, என்ரை அண்ணன் முறை ஒராளுக்கு உந்த வேலை தெரியும், அவர் செய்வார் எண்டு சொல்லிப்போட்டா.

அண்ணன் முறை எண்டது நான். ஏன் சொன்னவ எண்டால், நான் அளந்த கதையாலை. வெங்காயத் தோட்டங்களுக்கு எஸ்லோன் எண்ட பி.வி.சி. பைப் போட்டு இறைப்புக் கொண்டந்தது எங்கடை சங்கம் எண்டு நான் கூட்டத்திலை சொல்லுறனான். அது மெய். ஆனால் பைப் போட்டது வேறை ஆக்கள். நான் வரம்பிலை நிண்டு பேசினனான்.

அவ என்னட்டை வந்து சொன்ன உடனை ஒரு புத்தியும் சொன்னவ. அந்தப் பைப்பிலை ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு கபோச் சந்தைப் பக்கம் உள்ள ஹாட்வெயார் கடையிலை காட்டிக் கேப்பம் எண்டவ. நான் விடேல்லை. ஒரு பைப் ஒட்டுறதுக்கும் போய் வெள்ளைக்காரனிட்டைக் கேக்கிறதோ எண்டு கேட்டன். யாழ்ப்பாணத்திலை படிக்காத சனம் செய்யிற வேலை இது எண்டு சொன்னன்.

ஊரிலை எப்பிடிச் செய்யிறது? காவோலையைக் கொளுத்திப் பைப்பின்ரை வாயைச் சூடு காட்டினால் இளகும். இளகின உடனை மற்றப் பைப்பை உள்ளுக்கை தள்ளினால் வாய் விரிஞ்சு பிடிச்சுக்கொள்ளும். கம் பூசினால் பிறகு வெட்டித்தான் கழட்டவேணும். எல்லாத் தோட்டத்திலையும் அப்பிடித்தான். பைப் எண்டால் அது ஒண்டுதான் எண்டு நான் நினைச்சன். பைப்பிலையும் சாதி இருக்கெண்டு எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ரெண்டுபேரும் பஸ்சிலை போனம். நான் தொட்டிக்குக் கீழை தலையை விட்டு வெடிச்ச மூட்டை அறுத்து என்ரை பைக்குள்ளை எறிஞ்சிட்டு, மிஞ்சின பைப்பின்ரை வாயைக் கழட்டாமல் அப்பிடியே வைச்சுச் சூடு காட்டினன். காவோலைக்குப் பதிலாச் சுருட்டின பேப்பர். பக்கத்து அலுமாரியிலை காஸ் சிலிண்டர். அகஸ்ரீனா அதைக் காட்டினவ. மூடித்தானே இருக்கு எண்டு சொன்னன்.

பைப் இளகேல்லை. கன நேரம் அப்பிடியே இருந்தது. இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிச்சன். திடீரெண்டு உருகிச் சொட்டினது. பத்திக்கொண்டு சொட்டினது. நான் கையை உதற, பேப்பரும் விழுந்து, தரைப் பலகை ரெண்டு சாண் அளவுக்குக் கருகிப் போச்சுது. அகஸ்ரீனா ஈரத் துவாயைப் போட்டு அமத்தினவ.

"அண்ணை, மெழுகுதிரி மணக்குது. எஸ்லோன் உப்பிடி மணக்குமே?"

உது இத்தாலியன் சாமான், அப்பிடித்தான் மணக்கும் எண்டு சொன்னன். எனக்கு அந்த நேரமே விளங்கிட்டுது, இது வேறை ஏதோ எண்டு. ஆனால் வாய் விடேல்லை. கோணின வாயிலை நான் கொண்டுபோன புதுப் பைப் துண்டைச் செருகி, கம்மை அப்பி, சைக்கிள் ரியூப்பை நாடாவா வெட்டி இறுக்கிச் சுத்தினன். ஒரு வாளி பச்சைத்தண்ணி ஊத்திப் பாத்தம். ஒழுகேல்லை. கருகின இடத்துக்கு மேலை கால்மிதியை இழுத்து விட்டன். இழுத்து விட்டது என்ரை கை. அதையும் எழுதவேணும்.

சனி ஞாயிறு அவை போட்டு வந்திட்டினம். திங்கட்கிழமை பின்னேரம் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா எண்டு தொத்தோர் சொல்லிவிட்டார். நன்றி சொல்லத்தான் எண்டு நினைச்சு நான் சேட் மினுக்கிப் போட்டுக்கொண்டு போனன்.

அவர் இருக்கச் சொல்லேல்லை. சுடுதண்ணி போன உடனை கம் விட்டுப் போச்சுதாம். இரவு முழுக்க ஒழுகி, கட்டிலுக்குக் கீழை வைச்சிருந்த சிஞ்ஞோராவின்ரை கம்பளிகள், படுக்கை விரிப்பு எல்லாம் மீன் கழுவின தண்ணியிலை ஊறிப் போச்சுதாம். அதைப்பற்றி அவர் ஆறுதலாத்தான் கதைச்சார். பேந்து கால்மிதியை எடுத்துப் பாத்த கதைக்கு வந்தார். குரல் மாறிச்சுது. காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலை நெருப்புக் கொளுத்தினது ஆர் எண்டு கேட்டார். என்ரை மனுசி அதுக்குள்ளை படுத்தவ. நான் கொஸ்தூராவுக்குப் போவன், ஆர் எண்டு சொல்லுங்கோ எண்டார்.

கொஸ்தூரா எண்டது வெளிநாட்டுக்காரரின்ரை கடுதாசி பாக்கிற பொலிஸ் கந்தோர். எனக்கும் கடுதாசி இல்லை. நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்காரன் கையெழுத்துப் போட்டு, என்ரை விண்ணப்பப் பத்திரம் அங்கைதான் மேசையிலை கிடந்தது. இதெல்லாம் ஒரு நொடியிலை என்ரை தலைக்குள்ளை ஓடிச்சுது. நான் தரையைப் பாத்தன். வெள்ளையும் கறுப்புமா மாபிள். அவவே துடைச்ச மாபிள்.

"நான்தான் செய்தனான்," எண்டு அகஸ்ரீனா இத்தாலியனிலை சொன்னவ. "அண்ணை வர முதல் நான் தனியப் போய்ச் செய்தனான். அவருக்குத் தெரியாது."

தொத்தோர் என்னைப் பாத்தார். நான் இல்லை எண்டும் சொல்லேல்லை, ஓம் எண்டும் சொல்லேல்லை. ஆயிரம் பேருக்கு முன்னாலை ஒலிவாங்கி இல்லாமல் கத்தின தொண்டை அது.

கையெழுத்து இல்லை எண்டார். வேலையும் இந்த மாசத்தோடை சரி எண்டார். சிஞ்ஞோராதான் இடையிலை கதைச்சவ. அவவுக்கு அகஸ்ரீனா இல்லாட்டில் கட்டிலாலை எழும்ப ஏலாது. பழுதாக்கினவள் திருத்தட்டும், வாற சனிக்கிழமை பாப்பம், ஒழுகாட்டில் கையெழுத்துப் போடுங்கோ எண்டு மனுசனோடை வாதாடினா. அவர் சரி எண்டு தலையாட்டினார். பங்குனி முடிய அந்தச் சனியோடை சேத்து ரெண்டு நாள்தான் மிச்சம்.

படியாலை இறங்கேக்கை நான் கதைக்கத் துவங்கினன். உங்களுக்குச் சிரிப்பு வரும். தொத்தோருக்குக் கூட்டாக் கடிதம் எழுதுவம், சங்கத்தின்ரை பேரிலை, பத்துப் பேர் கையெழுத்தோடை எண்டன். அவ நிண்டு கேட்டா. என்னைத் திட்டியிருந்தால் நல்லம். திட்டேல்லை.

"எனக்கு உங்கடை கடிதம் வேண்டாம் அண்ணை. நீங்கள் அறுத்த அந்தப் பைப் துண்டு எங்கை?"

அடுத்தநாள் விடிய அவ அந்த வெடிச்ச துண்டை ஒரு பையிலை போட்டுக்கொண்டு கபோவுக்குப் போயிருக்கிறா. ஹாட்வெயார் கடைக் கிழவன் நகத்தாலை சுரண்டிப் பாத்திட்டு, ஒரு சீவலைச் சீவித் தண்ணிக் கிளாசிலை போட்டானாம். மிதந்திச்சுது. பேந்து வேறை ஒரு பைப்பிலை சீவிப் போட்டான். அது தாண்டு போச்சுது. தாழுறதுக்குத்தான் கம் பிடிக்கும், மிதக்கிறதுக்கு உலகத்திலை ஒரு கம்மும் பிடிக்காது, அதுக்கு றப்பர் வளையம் போட்ட மூட்டு வேணும் எண்டு சொல்லி, மூட்டையும் வளையத்தையும் கையிலை குடுத்தானாம். என்னெண்டு போடுறதெண்டு மூண்டு தரம் கேட்டாவாம். மூண்டு தரமும் சொல்லிக் குடுத்தானாம். நாலாந்தரம் அவவைக் கொண்டே போட்டுப் பாக்கப் பண்ணினானாம். முழுக்க அரை மணித்தியாலம்.

இதை அவ எனக்குச் சொன்னது குத்திக் காட்ட இல்லை. கீழை படுத்து ரோச் லைற் பிடிக்க ஒராள் வேணும், வாறியளோ எண்டு கேக்கத்தான் வந்தவ. போனன்.

அவ வேலை செய்ததை இப்பவும் வடிவாச் சொல்லுவன். நான் கோணலாக்கின வாயை நேரா, ஒரு மயிர் சரிவில்லாமல் அறுத்தா. அறுத்த விளிம்பைக் குசினிக் கத்தியாலை சுத்திவரச் சரிவாச் சீவினா, றப்பரை வெட்டாமல் இருக்க. வளையத்திலை கோப்பை கழுவுற சவர்க்காரம் பூசினா. பைப்பை முட்டமட்டும் தள்ளிப் பென்சிலாலை ஒரு கோடு போட்டு, பேந்து ஒரு விரலளவு வெளியாலை இழுத்தா. ஏன் இழுக்கிறாய் எண்டு கேட்டன். சுடுதண்ணி போனால் பைப் நீளும், நீள இடம் வேணுமாம் எண்டா. வான் ஆடேக்கை பைப் ஆடாமல் இருக்க ஒரு பட்டி அடிச்சா. கீழை பேப்பர் விரிச்சிட்டு மூண்டு கேத்தில் கொதிதண்ணி ஊத்தினா. பேப்பர் காய்ஞ்சபடி கிடந்தது.

நான் அந்தக் கால்மிதியைத் திரும்பப் போடப் போனன்.

"போடாதேங்கோ. அவை பாக்கட்டும்," எண்டா.

அந்த நேரம் நாங்கள் ரெண்டுபேரும் தனிய. மன்னிச்சுக்கொள் தங்கச்சி எண்டு சொல்ல எனக்கு நல்ல இடம். நான் என்ன செய்தனான் தெரியுமோ? வளையத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் எண்டு புத்தி சொன்னனான்.

சனிக்கிழமை பத்து மணிக்குத் தொத்தோர் வந்தார். சிஞ்ஞோரா காரை விட்டு இறங்கேல்லை, யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தா. அவர் தானே ஒரு பெரிய சட்டியிலை தண்ணி கொதிக்க வைச்சு, பாஸ்தா வடிக்கிற மாதிரி ஒரேயடியா ஊத்தினார். பேந்து முழங்காலிலை நிண்டு பேப்பரைத் தொட்டுப் பாத்தார். ஒரு துளி இல்லை. இன்னொரு சட்டி. அதுவும் இல்லை. பைப்பை ஆட்டிப் பாத்தார். அசையேல்லை. அவர் எழும்பேக்கை முகத்திலை சந்தோசம். என்ரை கையைப் பிடிச்சுக் குலுக்கினார்.

பிராவோ எண்டார். அவள் பழுதாக்கினதை நீ வந்து திருத்திப்போட்டாய், இப்பிடி ஒரு அண்ணன் இருக்கிறது அவளின்ரை அதிட்டம் எண்டார்.

அகஸ்ரீனா வாசற்படியிலை கைத்துவாயோடை நிண்டவ. கையிலை பைப் அறுக்கேக்கை வாள் வெட்டின காயம், பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. நான் வாயைத் திறந்து, இல்லைத் தொத்தோர், செய்தது அவள் எண்டு சொன்னால் அந்த இடத்திலை எனக்கு ஒண்டும் நடக்காது. பொலிஸ் இல்லை, கோவம் இல்லை. மனுசன் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"கிராத்சியே," எண்டு சொன்னன். நன்றி எண்டு.

முதல் தரம் பயந்தனான் எண்டு சொல்லித் தப்பலாம். சொல்லியும் இருக்கிறன், எனக்கு நானே. ரெண்டாந்தரத்துக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. அந்தக் கைகுலுக்கல் எனக்குப் பிடிச்சிருந்தது. அவ்வளவுதான் விசயம்.

தொத்தோர் காம்பர் மேசையிலை வைச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். ஒவ்வொரு தாளிலையும் பேனையை அழுத்தி எழுதினார். அகஸ்ரீனா தாள்களை வாங்கி மை காயுமட்டும் ஊதினா. அடுத்தநாள் ஞாயிறு, கடைசி நாளெண்டு கந்தோர் திறந்திருந்தது, விடியப்போய் வரிசையிலை நிண்டு குடுத்தவ. பெர்மெஸ்ஸோ வந்தது. போன வருசம் ஜூலியும் வந்திட்டுது. பிள்ளை இப்ப பள்ளிக்கூடத்திலை சிசிலியன் கதைக்குது.

அதெல்லாம் பிறகு. அண்டைக்கு நாங்கள் பஸ்சிலை திரும்பினம். அவ தாளை என்னட்டைத் தந்து பேர், பிறந்த திகதி எல்லாம் சரியோ எண்டு பாக்கச் சொன்னவ. நான் சத்தமா வாசிச்சன். பிழை ஒண்டும் இல்லை. மடிச்சுப் பைக்குள்ளை வைச்சா. பேந்து வெளியாலை பாத்தபடி சொன்னவ.

"அண்ணை, அவர் கை தரேக்கை நான் உங்கடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். ஒருக்கா என்னைப் பாப்பியள் எண்டு."

சீசா வர அவ மணியை அடிச்சிட்டு எழும்பினா. நானும் அங்கைதான் இறங்க வேணும். இறங்கேல்லை. அடுத்த தரிப்பிலை இறங்கித் திரும்பி நடந்து வந்தன்.